வாய்ப்புண் இரண்டு வாரம் தாண்டினால்: மாற்று உறுப்போடு வாழ்பவர்களின் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே கிட்னியோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களின் வாயைப் பற்றியவை. பல் மருத்துவமும் மாற்று உறுப்புச் சிகிச்சையும் அறிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் அப்பாவுக்குக் கிட்னி மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் சாப்பிடுகிறார். ஆறு வாரமாக மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறு வீங்கியிருக்கிறது. வலி அவ்வளவாக இல்லை. பல் ஆடுகிறது. டவுனில் ஒரு கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், வற்றவில்லை. இப்போது பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். பிடுங்கலாமா?
— மகள், சுங்கை சிப்புட்

பதில்: இப்போது பிடுங்க வேண்டாம், அம்மா. முதலில் அந்த வீக்கத்திலிருந்து ஒரு துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பயாப்சி என்பது அதுதான். பல்லைப் பிடுங்கி, குழி ஆறாமல், அதற்குள்ளிருந்து சதை வளர்ந்து வெளியே வந்த பிறகு நோய் தெரியவந்தவர்கள் உண்டு. அந்தத் தாமதம் அப்பாவுக்கு வேண்டாம்.

எதைச் சந்தேகிக்கிறோம் என்று ஒளிக்காமல் சொல்கிறோம். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. கிட்னி மாற்றிய பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு வரும்; இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு அதைவிடக் கூடுதல். பெரும்பாலும் காரணம் எப்ஸ்டைன்-பார் வைரஸ். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. எச்சில் வழியாக வந்து, பி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். டி அணுக்கள் என்னும் இன்னொரு வகை அதைத் தலைதூக்க விடாமல் காவல் காக்கும். மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அப்பா சாப்பிடும் மாத்திரைகள் அந்தக் காவலைத்தான் தளர்த்துகின்றன. தளர்ந்த இடத்தில் பி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடலாம். முதல் வருஷத்தில் ஆபத்து அதிகம். ஆனால் ஐந்து, பத்து வருஷம் கழித்தும் வரும். அப்படிப் பிந்தி வருவதில் வைரஸே இல்லாத வகையும் உண்டு. ஆகவே "இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தார்" என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த வைரஸ் கண்ணில் பட்டதே ஒரு தாடைக் கட்டியால்தான். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வளர்ந்த கட்டிகளைப் பற்றி டெனிஸ் பர்கிட் 1958இல் எழுதினார். அந்தக் கட்டியின் அணுக்களுக்குள் வைரஸ் இருப்பதை 1964இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் மூவரும் காட்டினார்கள்.

இனி, சாதாரணப் பல் சீழ்க்கட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சீழ்க்கட்டி விண்விண்ணென்று தெறிக்கும்; பல்லைத் தட்டினால் உயிர் போகும்; தொட்டால் சுடும்; சீழ் வெளியேற வழி செய்து சரியான மருந்தும் கொடுத்தால் மூன்று, ஐந்து நாளில் வற்றத் தொடங்கும். லிம்போமா வீக்கம் அப்படியில்லை. வாரக்கணக்கில் மெல்லப் பெருகும். ஆரம்பத்தில் வலி குறைவு. தொட்டால் சதசதவென்றோ ரப்பர் போலவோ இருக்கும். மேல்தோல் முழுசாக இருந்து கருஞ்சிவப்போ ஊதாவோ தெரியலாம். நடுவில் புண்ணாகி வெண்மஞ்சள் படலமும் படியலாம். ஈறு, அண்ணத்தின் பின்பகுதி, டான்சில், தாடை எலும்பு ஆகியவை அது விரும்பும் இடங்கள். பக்கத்துப் பல் சொத்தை இல்லாமலே ஆட ஆரம்பிக்கும், ஏனென்றால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அது உள்ளிருந்து அரிக்கிறது.

பல் மருத்துவர் இரண்டு காரியம் செய்தாலே பாதி தெளிவு கிடைக்கும். ஒன்று, அந்தப் பல்லின் மேல் குளிர் வைத்துப் பார்ப்பது. சில்லிப்பு உறைத்தால் பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறது. நரம்பு உயிரோடு இருக்கும்போது வீக்கத்துக்குப் பல்லின் வேரைக் குறை சொல்வது கடினம். இன்னொன்று, தாடை முழுதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே. வேர் நுனியில் வட்டமாக ஒரு நிழல் தெரிந்தால் அது சீழ்க்கட்டியின் சாயல். பல்லைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு அழிந்து, ஓரம் பிடிபடாத நிழல் படர்ந்து, பல் காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தால் உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வீக்கம் ஆறு வாரம் தாண்டிவிட்டதால் நாள் கடத்த வேண்டாம். அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே வாய்-முக அறுவை நிபுணருக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் அளவுதான். லெட்டரில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: மாற்றுக் கிட்னி உள்ளவர், எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்து சாப்பிடுகிறார், லிம்போமா சந்தேகம். "ஈறு வீக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தேதி தள்ளிப் போகும். அன்றைக்கே கிட்னி கிளினிக்குக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு இடத்தில் இல்லை, மேலும் கீழும் ஈறு முழுக்கத் தடித்துப் பல்லை மூடுகிறது. சைக்ளோஸ்போரினும் பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறேன். இதுவும் அதுதானா?
— வாசகர், பால்மரத் தோட்டம்

பதில்: பெரும்பாலும் இல்லை. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் ஈறைத் தடிக்க வைக்கும். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் தடிக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம். இந்தத் தடிப்பு முன்பற்களின் இடையிலுள்ள முக்கோண ஈறில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, மாதக்கணக்கில் வளரும். பல்லில் அழுக்குப் படிந்தால் வேகம் கூடும். பல் மருத்துவரிடம் காறை எடுத்து, பல்லிடுக்கையும் தினம் சுத்தம் செய்தால் பாதி வற்றும். பிரஷர் மருந்தை மாற்ற முடியுமா, சைக்ளோஸ்போரினுக்குப் பதில் டாக்ரோலிமஸ் கொடுக்கலாமா என்பதை உங்கள் கிட்னி மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒரு எச்சரிக்கை. தடித்த ஈறுக்குள் லிம்போமா ஒளிந்துகொள்ள முடியும். எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்க, ஒரு இடம் மட்டும் வேகமாகப் பெருத்தாலும், நிறம் மாறினாலும், பிரஷ் படாமலே கசிந்தாலும், அந்த இடத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். தடித்த ஈறை வெட்டிச் சீர்செய்யும்போதும், வெட்டிய சதையைக் குப்பையில் போடாமல் லேபுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக இருக்கிறது. கல்லீரல் மாற்றி நாலு வருஷம். இன்னும் வெற்றிலை போடுவதை விடவில்லை. புகையிலை சேர்ப்பதில்லை, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான்.
— மகன், கோலகங்சார் சாலை

பதில்: தம்பி, சுத்தமான துணியால் அந்த வெள்ளையை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயிர்போல் வழித்துக்கொண்டு வந்து அடியில் சிவந்திருந்தால் காளான் தொற்று. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அடிக்கடி வரும், குணமாகும். துடைத்தும் வராமல், நாக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாகக் கோடிட்டிருந்தால், முன்பு சொன்ன அதே எப்ஸ்டைன்-பார் வைரஸ் உண்டாக்கும் ஒரு வகை வெண்படலமாக இருக்கலாம். அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் உடம்பின் காவல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும், ஆகவே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மா விஷயத்தில் எங்களுக்கு அதிகக் கவலை வெற்றிலைப் பாக்கைப் பற்றித்தான். புகையிலை இல்லையே என்பது போதாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களுக்குத்தான் அதிகம். தோட்டத்துப் பெண்களின் பாக்குப் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பாக்கு ஒரு பக்கம், எதிர்ப்பு சக்தி குறைக்கும் மாத்திரை இன்னொரு பக்கம் என்றால் ஆபத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பாக்கு அடக்கும் கன்னத்தையும் நாக்கின் அந்த ஓரத்தையும் பல் மருத்துவர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கெட்டியாகவோ, திட்டுத் திட்டாகச் சிவந்தோ இருந்தால் பயாப்சிதான். திட்டுவதால் அம்மா பழக்கத்தை விடப்போவதில்லை. பாக்கைத் தவிர்த்து வெறும் வெற்றிலையோடு சோம்பு, ஏலக்காய் என்று மாற்றிக்கொடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பும் வேண்டாம்.

கேள்வி: கிட்னி மாற்றியவன். இரண்டு வாரமாகக் கீழ் உதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது. பல் ஊசி எதுவும் போடவில்லை. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விடாதீர்கள், ஐயா. நாளைக்கே போங்கள். ஊசியோ அடியோ பல் சிகிச்சையோ இல்லாமல் மோவாய் மரத்தால், கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஏதோ அழுத்துகிறது அல்லது அரிக்கிறது என்று பொருள். லிம்போமாவும், வேறு இடத்திலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோயும் இப்படித் தலைகாட்டுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஸ்கேன் கேளுங்கள்.

கேள்வி: கத்தி வைத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று லயத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பயாப்சிக்கு மாமா பயப்படுகிறார். எப்படிச் செய்வார்கள்?
— மருமகள், தோட்டத்து வீடு

பதில்: வாயில் துண்டு எடுப்பதால் லிம்போமா பரவாது. அது ஆரம்பத்திலிருந்தே ரத்தத்திலும் நிணநீரிலும் நடமாடும் அணுக்களின் நோய். கத்தி வைத்த பிறகு நோய் முற்றியதாகத் தோன்றுவதற்குக் காரணம், கத்தி வைப்பதற்கு முன்பே பல மாதம் கழிந்திருப்பதுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாக ஒரு துண்டு எடுத்து, தையல் போட்டு அனுப்புவார்கள். கால் மணி, அரை மணி நேர வேலை. அன்று சாயங்காலம் கஞ்சி குடிக்கலாம், ஆறவைத்து. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் தேதி கொடுக்கும்போதே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தவறு நடப்பது எங்கே என்றால், துண்டு எடுக்கும் இடத்தில். புண்ணின் மேலே படிந்திருப்பது செத்த சதை. அதை மட்டும் சுரண்டி அனுப்பினால் லேபிலிருந்து "அழற்சி மட்டும்" என்று ரிப்போர்ட் வரும். ஓரத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் எடுக்க வேண்டும். லிம்போமா அணுக்கள் மெல்லியவை; இடுக்கியால் நசுக்கினால் நைந்து, நுண்ணோக்கியில் அடையாளம் தெரியாமல் போகும். எடுத்த துண்டு அதன் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில், அதாவது சதையைக் கெடாமல் காக்கும் திரவத்தில், மூழ்க வேண்டும். லிம்போமா சந்தேகம் என்று முன்பே சொல்லியிருந்தால் இன்னொரு துண்டை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே லேபுக்கு அனுப்புவார்கள். சில பரிசோதனைகள் அதில்தான் முடியும். நோயியல் மருத்துவர் திசுவில் வைரஸ் இருக்கிறதா என்பதற்குத் தனிச் சாயமும், அணுவின் மேல் சிடி20 என்னும் புரதம் இருக்கிறதா என்பதற்கு இன்னொன்றும் போடுவார். சிகிச்சை அந்த இரண்டாவது விடையைப் பொறுத்தது.

"அழற்சி மட்டும்" என்று ரிப்போர்ட் வந்தும் வீக்கம் அப்படியே இருந்தால், மறுபடி எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை குறைவாக வந்ததையும் நம்பி இருந்துவிட வேண்டாம். நோய் ஒரே இடத்தில் இருக்கும்போது ரத்தத்தில் வைரஸ் தெரியாமலே போகலாம். பயாப்சிக்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, ரிப்போர்ட்டும் குழம்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மாத்திரையால்தான் லிம்போமா வருகிறது என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமே? என் அண்ணன் மூன்று நாளாக நிறுத்திவிட்டார்.
— தங்கை, சுங்கை சிப்புட்

பதில்: இன்றைக்கே கிட்னி கிளினிக்கைக் கூப்பிடுங்கள், அம்மா. மூன்று நாள் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். மறுபடி எப்படித் தொடங்குவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு கிட்னியைத் தள்ளிவிடும். வருஷக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர் அதை ஒரேயடியாக நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து.

அண்ணன் நினைத்ததில் ஒரு உண்மை இருக்கிறது. நோய் உறுதியானால் முதல் சிகிச்சையே மருந்தைக் குறைப்பதுதான், ஆனால் அளந்து. வழக்கமாக மைக்கோஃபெனோலேட்டை நிறுத்துவார்கள், டாக்ரோலிமஸைக் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைப்பார்கள், பிரெட்னிசோலோன் தொடரும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே இரண்டு முதல் நான்கு வாரத்தில் கட்டி சுருங்குகிறதா என்று கவனிப்பார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ் வாயில் உண்டாக்கும் ஒரு வகைப் புண் இருக்கிறது. ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக, தனியாக ஒரு புண். 2010இல் தனி நோயாகப் பிரித்தறியப்பட்டது. மருந்தைக் குறைத்ததுமே பெரும்பாலும் ஆறிவிடும். அந்த நல்ல செய்தியைத் தெரிந்துகொள்ளவும் பயாப்சி வேண்டும்.

குறைத்தும் போதவில்லை என்றால் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை, நான்கு வாரம் ஏற்றுவார்கள். சிடி20 இருக்கும் அணுக்களைத் தேடிப் பிடிக்கும் மருந்து அது. ஏற்றுவதற்கு முன் ஹெப்படைடிஸ் பி ரத்தப் பரிசோதனை கட்டாயம். பழைய தொற்று ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் கீமோ. நம் நாட்டில் ரத்த நோய்களுக்கு அம்பாங் மருத்துவமனை பெரிய மையம். எங்கே போக வேண்டும் என்பதைக் கிட்னி மருத்துவரும் ரத்த நோய் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கல்லீரல் மாற்றி எட்டு மாதம். டான்சில் பெரிசாகி ராத்திரி குறட்டை விடுகிறான். மழைக்காலச் சளிதானா?
— தாய், தோட்டத்துத் தாமான்

பதில்: அப்படி விட்டுவிடக் கூடாது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் முன்பு வராத பிள்ளைக்கு மாற்று உறுப்பு வழியாகவே முதல் தடவையாக வந்தால் ஆபத்து அதிகம். குழந்தைகளில் லிம்போமா டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கமாகத் தொடங்குவது வழக்கம். புதுக் குறட்டை, வாயால் மூச்சு, விழுங்கச் சிரமம், ஒரு டான்சில் மற்றதைவிடப் பெரிசு, இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே மாற்று உறுப்புக் கிளினிக்கில் காட்டுங்கள். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: வீட்டிலேயே வாயை எப்படிச் சோதிப்பது? கிளினிக்குக்கு எதையெல்லாம் கொண்டு போக வேண்டும்? பல்வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாதம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றி, கைப்பேசி டார்ச்சை இன்னொருவர் பிடிக்கட்டும். உதட்டைப் புரட்டி ஈறின் வெளிப்பக்கம்; கன்னத்தை இழுத்து உட்பக்கம்; நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும்; நாக்கைத் தூக்கி அடிப்பக்கம்; தலையைச் சாய்த்து அண்ணம்; "ஆ" என்று சொல்லச் சொல்லி டான்சில். பிறகு கழுவிய விரலால் ஈறு முழுக்கத் தடவிப் போங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தட்டுப்படும். காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், கழுத்தோரம் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். வலிக்காத, ரப்பர் போன்ற, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எதையும் காட்ட வேண்டும். அதோடு காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரி வியர்வை உண்டா என்றும் எழுதுங்கள். நம் ஊர் வெக்கையில் கழுத்து நனைவது இயல்பு. தலையணை உறையும் படுக்கை விரிப்பும் மாற்ற வேண்டிய அளவு நனைவதைத்தான் சொல்கிறோம். சந்தேகப்பட்ட இடத்தை வாரம் ஒரு படம், பக்கத்தில் ஒரு ஐந்து காசை வைத்து எடுத்தால் எவ்வளவு வளர்ந்தது என்று மருத்துவருக்குப் பட்டென்று தெரியும்.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் போன்றவை மாற்றுக் கிட்னியைக் கெடுக்கும். ஆன்டிபயாட்டிக்கில் எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும், காளான் மருந்தில் ஃப்ளூகோனசோலும், வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும்கூட ரத்தத்தில் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும். காளானுக்கு நிஸ்டாடின் சொட்டு மருந்து உடம்பில் ஏறாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஜாமு என்னும் நாட்டு மூலிகை மருந்து, பெயர் தெரியாத மூலிகைத் தூள் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தம்பூன் பம்பளிமாசு பக்கத்திலேயே விளைகிறது, தெரியும். ஆனால் அதுவும் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும், உங்களுக்கு வேண்டாம்.

கிளினிக்குக்கு மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் நினைவில் இருந்தாலும் அளவு மறந்துவிடும். மாற்று உறுப்புக் கிளினிக்கின் போன் நம்பர், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், வீக்கத்தின் படங்கள், ஐ.சி. (அடையாள அட்டை) ஆகியவையும் வேண்டும். அன்று டாக்ரோலிமஸ் அளவுக்கு ரத்தம் எடுப்பார்கள் என்றால் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கையில் எடுத்துப் போங்கள், ஏனென்றால் முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததற்கு முன் எடுக்கும் அளவுதான் கணக்கு. ரத்தம் எடுத்ததும் அங்கேயே மாத்திரையை விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறுங்கள்.